மாதேரானுக்கு முந்திய பத்து நாட்கள்

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என் மனைவி என்னிடம் வாய் விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சொந்தக்காரர்கள் யாரும் இல்லாத ஒரு ஊருக்கு நாலு நாள் போய் வரவேண்டும். பம்பாய்க் கோட்டையில் ஒரு கம்பெனியில் நான் ஸ்டெனோ. எனக்குக் கிடைத்த லீவெல்லாம் ஊரில் யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்குமே போய்க்கொண்டிருந்தது. அங்கேயும் அவள் சமையலறையில்தான் இருப்பாள். அதனால் அந்த மே மாதம், பம்பாய்க்குப் பக்கத்தில் மலைமேல் இருக்கும் மாதேரான் போகலாம் என்று நானே சொன்னேன். சொன்ன நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷத்திலிருந்து பயம் பிடித்துக்கொண்டது.

இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நேரல் ஸ்டேஷனில் இறங்கி ஏறவேண்டிய குட்டி ரயில் மலையில் வளைந்து வளைந்து போகுமாமே, கவிழ்ந்துவிட்டால்? லாட்ஜில் நமக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு கிடைக்காவிட்டால்? ஸ்டவ்வை அணைக்காமல் கிளம்பிவிட்டால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோல்டால் படுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு மாதுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து தாதர் ஸ்டேஷன் வரை நடந்து, எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்தேன். கீழ் வீட்டுக்காரர் "ஊருக்கா சார்?" என்றார். "இல்லை, சும்மா" என்றேன். அவர் என்னை அதற்கப்புறம் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

ஆபீசில் சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம். ஏலக்காய் மெல்லு என்றான் ஒருவன். லிஸ்ட் போடு, பயம் போய்விடும் என்றான் இன்னொருவன். போட்டேன். லிஸ்ட் நாலு பக்கம் போயிற்று, பயம் அங்கேயே இருந்தது. என் மனைவியோ படுத்தால் உடனே தூங்கிவிடுவாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. மாதுங்காவில் வீடு வைத்திருக்கிற தமிழர்களுக்குத்தான் அது புரியும். இன்டர்வியூவுக்கு வருகிறவன், துபாய்க் கப்பல் ஏற வருகிறவன், சும்மா பம்பாய் பார்க்க வருகிறவன், எல்லோரும் சொல்லாமல் கொள்ளாமல் டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார்கள். நாங்கள் இல்லாத நாலு நாளில் யாராவது வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஊரில் என் பேர் என்ன ஆகும்? யோசித்து யோசித்து, உறவில் பதினோரு பேருக்குக் கார்டு எழுதினேன். இன்ன தேதியிலிருந்து நாலு நாள் வீட்டில் யாரும் இருக்கமாட்டோம், தயவுசெய்து தெரிந்துகொள்ளவும் என்று. போஸ்ட் செய்துவிட்டு வந்தபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. நாக்பூரில் வேலை பார்க்கும் என் பெரியப்பா பிள்ளையும் அவர் மனைவியும் இறங்கினார்கள்.

"உன் கார்டு கிடைச்சுதுடா" என்றார் அண்ணா. "உங்க ஆம் நாலு நாள் காலியாத்தானே கிடக்கும், நாம போய்த் தங்கிண்டு பம்பாயைப் பாத்துட்டு வரலாமேன்னு மன்னி சொன்னா. சாவியை வாங்கிக்கணுமே, அதான் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டோம்."

இதில் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். ஆனால் என் வாய் தானாகச் சொல்லிற்று.

"நன்னாருக்கே! நீங்க வந்திருக்கச்சே நாங்க எங்க போறது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அண்ணா வேண்டாம் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. அவர் மறுக்க மறுக்க நான் பிடிவாதமாக உபசரித்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை. என் மூன்றாவது தோசைக்குச் சட்னி எடுக்க நான் உள்ளே போனபோது என் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"பத்து நாளா ஒரு தோசை முழுசா இறங்கலே உங்களுக்கு."

"ஆத்துக்கு மனுஷா வந்திருக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

"அவா நம்மளைப் போகவேண்டாம்னு சொன்னாளா? போய் உங்க மூஞ்சியைக் கண்ணாடில பாருங்கோ. எவ்வளவு நிம்மதி!"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம். அதற்குள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

"மன்னி, நீங்க மாதேரான் பாத்திருக்கேளோ?"

"நாங்க எங்கம்மா பாத்தோம்!"

"நாளைக்குக் காலம்பற ரெண்டு டிக்கெட் இருக்கு. வரேளா?"

மன்னி அண்ணாவைப் பார்த்தார். "போய்ட்டு வாங்கோளேன். நானும் இவனும் ஹார்பரைப் பாத்துக்கறோம்" என்றார் அண்ணா. அவ்வளவு சுலபமாக முடிந்தது. எனக்குப் பத்து நாள் பிடித்த விஷயம் அவர்களுக்கு ஒரு தோசை ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் தாதரில் நான்தான் அவர்களை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஓடிப்போய் இன்னொரு டிக்கெட் வாங்க நேரம் இருந்தது. "நானும் வரேன்" என்று சொல்ல நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். கூஜாவை நீட்டி, "தண்ணியைப் பாத்துக் குடிங்கோ" என்றுதான் சொன்னேன். வண்டி நகர்ந்தது. அப்போதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதியைப் பிடித்து நாலு அறை அறையவேண்டும் போல இருந்தது.

போகாவிட்டால் பயம் விட்டுவிடும் என்று நினைத்தது தப்பு. அண்ணா ஹார்பரில் கப்பல்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, குட்டி ரயில் எந்த வளைவில் இருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு என்னோடு ஊர் சுற்றியதில் என்ன சுகம் இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் மாடிப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தி ஏதோ சொல்ல, இன்னொருத்தி மூச்சு வாங்கி நின்று சிரித்து, மறுபடியும் ஏறினார்கள். அதில் ஒன்று என் மனைவியின் சிரிப்பு என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவு உரக்க அவள் சிரித்து நான் கேட்டதில்லை. என்ன வேடிக்கை என்று கேட்கத்தான் ஆசையாகக் கதவைத் திறந்தேன். அவள் புடவைக் கரையெல்லாம் செம்மண்.

என்னைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"சாப்டேளா?" என்றாள்.