பபூனின் பெயர்

ஐந்தருவிச் சாலையில், சாரலுக்கு ஒதுங்கிய காப்பிக் கடையில் அந்த நாடகப் பபூனைச் சந்தித்தேன். பல வண்ணத் துண்டுகள் தைத்த அங்கியோடு மேடையேறித் தென்காசியையே சிரிக்க வைத்தவர். சொந்தப் பெயரிலேயே நடித்தார். அதனால் அவ்வட்டாரத்தில் புள்ளி விழுந்த கன்றுக்கும் பல நிறம் கலந்த நாய்க்கும் அவர் பெயரையே வைத்திருந்தார்கள். அப்படி யாரேனும் அழைத்தால், அவர் எழுந்து, "வாங்க பங்காளி" என்று அந்தப் பிராணியைக் கும்பிடுவார்.

அன்று கடைக்காரர் அவர் பெயரைச் சொல்லித் தம் நாயை அழைத்தபோது அவர் எழவில்லை.

"என்ன அண்ணாச்சி, பங்காளி வந்திருக்காரு, கும்பிடலையா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

பபூன் என் பக்கம் திரும்பினார். "செங்கோட்டையில மூத்த பேரனுக்குப் பேரு வைக்கப் போனேன், அண்ணாச்சி. வழக்கப்படி எம் பேருதான வைக்கணும்? 'நாய்க்கு வச்ச பேரப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லுதியளா'ன்னு மகன் கேக்கான்."

"பிறகு என்ன பேரு வச்சாங்க?" என்று கேட்டேன்.

"கேக்காமலே எந்திரிச்சு வந்துட்டேன். உங்க பேரனுக்கு உங்க பேருதான?"

அந்த ஆனியில்தான் என் ஒரே மகன், மணமாகும் முன்பே, இறந்திருந்தான்.

"பேரன் இல்லை. இனி வரவும் வழியில்லை" என்றேன்.

அவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, சாரலில் நனைந்தபடியே செங்கோட்டைப் பக்கம் நடந்து போனார். எதற்காகக் கேட்டார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.