என் சம்பளத்தை நானே வாங்கிய நாள்

ஐம்பதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சமயம் நடந்தது இது. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் மாலையில் திரும்பி வரவில்லை. வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டார் என்று இரண்டு நாள் கழித்து, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள். எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

அழுதேன். அதை மறைப்பானேன். ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து அழக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் விட்டுப் போனது என்னையும் இரண்டு வயது மகளையும் மட்டுமல்ல, மூன்று கடன்களையும் சேர்த்துத்தான். கடைவீதியில் கருவாடு, மண்ணெண்ணெய், துணி என்று வாங்கிய பாக்கி ஒன்று. வட்டிக்குக் கொடுக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியிடம் வாங்கியது இன்னொன்று. மூன்றாவது என் தாலி. சித்திரை மாதத்திலேயே அதை ஹட்டனில் அடகு வைத்திருந்தோம். தன் தம்பிக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்றார். நானே கூடப் போய் என் பெயரில் வைத்துக் கொடுத்தேன். அந்தப் பணம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. கழுத்தில் மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு மாதாமாதம் வட்டி மட்டும் கட்டி வந்தோம்.

சம்பளம் வரட்டும், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எங்கள் தோட்டத்தில் சம்பள நாளென்றால் ஆம்பிளைகளின் நாள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற அவர்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். பெண்கள் மாலை வரை மலையில் நிற்போம். அதனால் பெண்டாட்டி சம்பளத்தையும் புருஷனே ஆபீஸில் வாங்கிக்கொள்வது வழக்கம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நான் ஒரு தரம்கூட அந்த வரிசையில் நின்றதில்லை. மாதம் எவ்வளவு வருகிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அவர் கையில் கொடுத்ததுதான் சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக ஆபீஸுக்குப் போனேன். சின்னக் கிளாக்கர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். உன் வீட்டுக்காரர் மத்தியானமே வந்து இரண்டு சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாரே என்றார். கிளாக்கரைக் குறை சொல்ல முடியாது, வழக்கம் அப்படி. வட்டவளையில் இருந்துகொண்டு ரயிலேறி வந்து, நான் நனைந்து நனைந்து பறித்த கொழுந்துக்குக் கூலி வாங்கிப் போயிருக்கிறார் மனுஷன். ஆபீஸ் கேட்டுக்கு வெளியே கடைக்காரரும் கங்காணியும் குடை பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். அந்த மாதம் ஒன்றும் கொடுக்க முடியவில்லை. தோட்டத்தில் கொடுக்கிற அரிசியோடும் ரொட்டியோடும் காலம் போனது.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். இது குடும்ப விஷயம், சங்கம் எப்படித் தலையிடும் என்று கேட்டார். லயத்தில் எங்கள் சுவரையொட்டிய காம்பராவில் குடியிருந்த அக்கா, வட்டவளைக்குப் போய் அவர் காலில் விழுந்தாவது கூட்டி வந்துவிடு என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்துவிட்டது. காலில் விழுந்து கூட்டி வந்தால் அவர் எனக்காகவா வருவார்? என் சம்பளத்துக்காக வருவார். அந்தச் சம்பளத்தை நான் வாங்கிக்கொண்டால் என்ன?

அடுத்த சம்பள நாளன்று பகல் கொழுந்து நிறுத்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புறப்பட்டேன். எங்கள் கங்காணி கத்தினார். ஒரு நாள் வேலையை நாங்கள் ஒரு பேர் என்போம். பாதியில் இறங்கினால் உனக்கு அரைப்பேர்தான் என்று மிரட்டினார். அரைப்பேர் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு, நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் இறங்கினேன்.

வரிசையில் அத்தனை பேரும் ஆம்பிளைகள்.  என்னைப் பார்த்ததும் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார், இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் நின்றேன். எனக்கு நாலைந்து பேருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி அவரும் நின்றுகொண்டிருந்தார். அந்த மாதம் அவருக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு பேர்கூட இல்லை. என் சம்பளத்துக்காக மட்டும் வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்து, நீ வீட்டுக்குப் போ, நான் வாங்கி வருகிறேன் என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த பயமும் போய்விட்டது.

பெரிய கிளாக்கர் என் பெயரைக் கூப்பிட்டு, பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தார். என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். நான் வரிசையை விட்டு விலகி முன்னால் போய் நானும் கையை நீட்டினேன். கிளாக்கர் கண்ணாடியை இறக்கிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன புள்ள இது? எப்பவும் ஒன் வீட்டுக்காரருதானே வாங்குவாரு?"

"ஐயா, ரெண்டு பேரு கையையும் பாருங்க. கொழுந்துக் கறை யாரு கையில இருக்குதோ அவங்ககிட்ட குடுங்க."

கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தெரியும், அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. என் விரல்களில் வெடிப்புக்கு வெடிப்புக் கறுப்பு ஏறியிருந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக மலை ஏறாத அவருடைய கை கல்யாண மாப்பிள்ளையின் கைபோல இருந்தது. பின்னால் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கிளாக்கர் சிரிக்கவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு, "கையெழுத்துப் போடுவியா, பெருவெரல் வைப்பியா?" என்று கேட்டார். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். கொஞ்சம் பெரிய எழுத்திலேயே போட்டேன்.

ஆபீஸ் கேட்டு வாசலில் வழக்கம்போலக் கடைக்காரரும் வட்டிக்காரக் கங்காணியும் நின்றார்கள். கடைக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். அந்தக் கருவாட்டைத் தின்றதில் நானும் ஒருத்தி, அந்த விளக்கு வெளிச்சத்தில் சமைத்ததும் நான்தான். அதனால் அந்தக் கடன் என்னுடையது, மாதாமாதம் கொடுத்துத் தீர்க்கிறேன், இனிமேல் காசு கொடுத்துத்தான் சாமான் வாங்குவேன், என் வீட்டுக்காரர் பெயரில் ஒரு தீப்பெட்டிகூடக் கொடுக்க வேண்டாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். வட்டிக்காரக் கங்காணியின் கடன் அப்படியல்ல. அந்தப் பணத்தை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

"எங்க, எனக்கு எப்ப தரப்போற?" என்று அவர் அதட்டினார்.

"வாங்குனவரு வட்டவளையில இருக்காருங்க. இன்னிக்கு இங்கதான் வந்திருக்காரு, அந்தா ஸ்டோர் பாதையில எறங்கிப் போறாரு பாருங்க."

கங்காணி திரும்பிப் பார்த்தார். தேயிலை ஸ்டோருக்குப் பின்பக்கமாக ஒரு வெள்ளைச் சட்டை வேக வேகமாக நழுவிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய தொப்பையோடு கங்காணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சறுக்குப் பாதையில் ஓடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பணம் கிடைத்ததோ இல்லையோ, அதற்குப் பிறகு என்னிடம் அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் எங்கள் தோட்டத்துச் சம்பள நாளை அதோடு மறந்துவிட்டார்.

மிச்சமிருந்தது தாலி. முதலில் அதைத்தான் மீட்க வேண்டும் என்று லயத்துப் பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள். ஆளுக்குக் கொஞ்சம் கைமாற்றுத் தருகிறோம் என்றுகூடச் சொன்னார்கள். அந்த அன்புக்கு மறுப்புச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அக்காவிடம் விட்டுவிட்டு அடகுச் சீட்டோடு பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்படியே வட்டி மட்டும் கட்டிக்கொண்டு போனால் மகள் பெரியவளாகிறவரை கட்ட வேண்டியதுதான்.

அடகுக் கடைக்காரர் வழக்கம்போல வட்டிக்குக் கை நீட்டினார். மீட்கப் போவதில்லை, நிறுத்து விலை போட்டு, உங்களுக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்றேன். அவர் பதறிப்போனார்.

"தாலியம்மா இது. எங்கிட்ட யாரும் இத விக்கச் சொல்லிக் கேட்டதில்ல. வீட்டுல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க."

"கட்டுனவரே வேணாமின்னு போயிட்டாருங்க. நான் மட்டும் எதுக்கு வட்டி கட்டிக்கிட்டு இருக்கணும்?"

 அவர் தராசை எடுத்து நிறுத்தார், நியாயமான விலைதான் போட்டார். மீதிப் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தேன். ஆற்றோரமாகப் போய், கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றையும் கழற்றித் தண்ணீரில் விட்டேன். பொட்டை அழிக்கவில்லை. அது நான் பிறந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டது.

லயத்தில் அதை யாரும் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருத்தி தன் மகள் சடங்குக்கு என்னைக் கூப்பிடவில்லை, இன்னொருத்தி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் என்னைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனாள். வலித்தது. ஆனால் தாலி விற்ற பணத்தில் கடைப் பாக்கியில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. மீதியை அடுத்த வருஷம் தேர்த் திருவிழா வருவதற்கு முன்பே முடித்தேன். அந்தத் தேருக்கு மகளுக்குப் பாவாடையும் எனக்கு ஒரு சேலையும் ரொக்கமாக வாங்கினேன். சேலை வாங்கி நாலு மாதம் கழித்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனவளே ஒரு சம்பள நாளில் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் புருஷன் சம்பளத்தைக் கள்ளுக்கடையோடு கரைத்துவிட்டு வருகிறவன். நான் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். கிளாக்கர் எங்களைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கு இனி மாலையில் தனியாகத்தான் சம்பளம் போட வேண்டியிருக்கும் போலிருக்கிறது என்று முணுமுணுத்தார்.

எனக்கு வேறு கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை. அவர் என்னை விட்டுப் போனதைக்கூட எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் ஏழு வருஷம் என் உழைப்புக்கு எவ்வளவு கூலி என்றுகூடக் கேட்காமல் இருந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. அந்தக் கோபம்தான் இத்தனை நாளும் என்னைக் கடனில்லாமல் காப்பாற்றி வருகிறது.