ஈரச்சாக்கு மூடிய குட்டிகள்

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், ரயில் கூவுவது நன்றாகக் கேட்கும் மூலையில், ஓட்டுக்கூரை போட்ட ஒரு சிறிய பொம்மைக் கம்பெனி அப்போது நடந்துகொண்டிருந்தது. காசியம்மாள் அங்கே வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளின் ஓரத்தைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, வெடிப்பு விழாமல் காய வைப்பது அவள் பொறுப்பு. நல்லூரில் பானை வனைகிற வீட்டில் பிறந்தவள். மண்ணின் ஈரம் எவ்வளவு என்று விரல் நுனியிலேயே தெரிந்துகொள்வாள்.

1991 ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கம்பெனியை அண்டிக் கிடந்த செவலை நாய் விறகுக் கொட்டகையில் நான்கு குட்டி போட்டிருந்தது. மூன்றாம் நாள் குளிர் தாங்காமல், சூளையிலிருந்து வாரிக் கொட்டிய சாம்பலில் போய்ப் படுத்துவிட்டது. மேல் சாம்பல் ஆறியிருந்தது, அடியில் கங்கு. வயிறு வெந்து, பின்பக்கத்துக் காம்புகள் புண்ணாகிவிட்டன. அதற்குப் பிறகு குட்டிகள் முட்டினாலே சீறிக்கொண்டு எழுந்து ஓடியது.

"தாய் பொழச்சாலே பெரிசு. குட்டிவோள மணிமுத்தாத்து ஓரமா வுட்டுட்டு வந்துடறேன்" என்றார் சூளைக்காரர் சாமிதுரை.

"ஒங்கள அப்படி ஆத்தோரம் வுட்டிருந்தா இந்தச் சூளைய யாரு எரிக்கிறது? சும்மா கெடங்கண்ணே" என்றாள் காசியம்மாள். புண் ஆறி, செவலை மறுபடி சேர்த்துக்கொள்ளும் வரைக்கும் குட்டிகளை உயிரோடு வைத்திருந்தால் போதும் என்பது அவள் எண்ணம்.

ஆபீஸ் மேசையிலிருந்து பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரை எடுத்து வெந்நீரில் கழுவினாள். ஆடு வளர்க்கும் பூவாயி வீட்டிலிருந்து பால் வந்தது. இரண்டு பிள்ளை பெற்ற பழக்கத்தில், முதல் குட்டியை மடியில் மல்லாக்கப் போட்டுப் புகட்டினாள். பால் மூக்கு வழியாக வந்தது. பதறிப்போய்க் குப்புறத் திருப்பி, உள்ளங்கையில் வயிறு படிய வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டாள். அதன் பிறகு குடித்தது. குடித்த குட்டியின் அடிவயிற்றைப் பொம்மை துடைக்கும் பஞ்சில் புதிதாக ஒரு துண்டு எடுத்து நனைத்து மெல்ல வருடினால்தான் சிறுநீர் கழித்தது. தாய் நாக்கு செய்கிற வேலை அது.

"பொம்மைக்கும் அதே பஞ்சு, நாய்க்கும் அதே பஞ்சா?" என்று சாமிதுரை சிரித்தார்.

"பஞ்சு வேறண்ணே. கைதான் ஒண்ணு."

பொம்மைகளை அடுக்கிச் சூளைக்குள் ஏற்றும் கனத்த மண்பெட்டி ஒன்றில் சாக்கை மடித்துப் போட்டு, சூளைச் சுவரோரம் குட்டிகளை வைத்திருந்தாள். சாயங்காலம் கூடையில் வீட்டுக்குக் கொண்டுபோவாள், காலையில் கொண்டுவருவாள்.

தீபாவளி ஆர்டர் நெருக்கிய ஒரு பகலில்தான் அது நடந்தது. குட்டிகள் இருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், சுவர்ப்பக்கம் சுட்டது. ஒரு பக்கச் சூடு பட்டால் பச்சைப் பொம்மை வெடித்துவிடும். உடனே தள்ளி வைத்து ஈரச்சாக்கு மூட வேண்டும். அவள் கை யோசிக்கவே இல்லை. பெட்டியை வாசல் பக்கம் நகர்த்தி, ஈரச்சாக்கைப் பிழிந்து மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மழைக்காற்று வாசலிலேயே அடித்துக்கொண்டிருந்தது.

பால் கொடுக்க வந்து சாக்கைத் தூக்கியபோது ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. மற்ற மூன்றும் சில்லிட்டிருந்தன. பில்லரை வாயில் வைத்தால் பால் அப்படியே வெளியே வழிந்தது.

"யம்மா காசி, இதுவோ பொம்மையா? ஈரச்சாக்க மூடி வச்சிருக்கியே!" என்றார் சாமிதுரை.

அவள் பாலைத் தள்ளி வைத்துவிட்டு மூன்றையும் முந்தானைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சூளைச் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். மேஸ்திரி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். "அந்தம்மா இன்னிக்கு எந்திரிக்காது, போங்க" என்று சாமிதுரையே பதில் சொல்லி அனுப்பினார். வெகுநேரம் கழித்து அடிவயிற்றில் ஏதோ நெளிந்தது. ஈனக்குரலில் ஒரு முனகல். பிறகு இன்னொன்று. மூன்றும் சூடேறிய பிறகுதான் பாலைத் தொட்டாள்.

குட்டிகள் கண் திறந்து தள்ளாடி நடக்கும்போது செவலையின் புண்ணும் காய்ந்திருந்தது. மனிதக் கையும் ஆட்டுப் பாலும் மண்ணுமாக நாறும் குட்டிகளை அது கடித்துவிட்டால்? காசியம்மாள் பில்லரில் பால் நிரப்பிக்கொண்டே பெட்டியைச் செவலைக்கு முன்னால் வைத்தாள்.

செவலை முகர்ந்தது. விலகியது. திரும்பி வந்து ஒரு குட்டியின் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளைக் களிமண்ணை நக்கத் தொடங்கியது. மூன்றையும் நக்கி முடித்து, பெருமூச்சோடு ஒருக்களித்துப் படுத்தது. பால் பாதி வற்றியிருந்தாலும் முன்காம்புகளில் மிச்சம் இருந்தது. குட்டிகள் தாமாகவே தேடிப் பிடித்துக்கொண்டன.

நிரம்பிய பில்லரோடு அவள் நின்றாள்.

"பால வீணாக்காத. எனக்கு ஒரு டீ போடு" என்றார் சாமிதுரை.

"ஆத்தோரம் வுடறேன்னவருக்கு டீயா?" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அந்த மூன்றும் பேட்டை முழுக்கச் சுற்றி வளர்ந்தன. காசியம்மாள் அங்கே வேலை செய்த காலம் வரைக்கும், பெட்டிக்கு ஈரச்சாக்கு மூடும் முன்னால் உள்ளே கையை விட்டு ஒருமுறை துழாவிப் பார்ப்பாள். பொம்மைகள்தான் இருக்கும்.

"என்னா, குட்டி கத்துதா?" என்பார் சாமிதுரை, சூளைப் பக்கமிருந்து.

அவள் சாக்கை இழுத்து மூடுவாள்.