வீட்டுக்காரர் காலில் நான்கு கம்பிகள்

நாற்பத்தாறு வயதில், தொப்பையோடு பந்து விளையாடப் போனார் என் வீட்டுக்காரர். எதிரணியிலிருந்து இன்னொரு தொப்பை வந்து மோதியதில், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. திடல் முழுக்கச் சேறு. கூட்டாளி ஒருவர் காயத்தில் தைலம் தடவப் போனாராம். நல்லவேளை, நடுவர் அவரைத் தடுத்து, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அறுவைக்குப் பிறகு காலுக்கு வெளியே ஓர் இரும்புச் சட்டம். அதிலிருந்து நான்கு கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள் போயின.

"அந்த ஓட்டை வழியா கிருமி எலும்புக்குள்ள போச்சுன்னா, சில சமயம் காலே போயிரும். சீழ் வந்தா உடனே வாங்க" என்றார் டாக்டர்.

எனக்கு அது போதாதா? நான் ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் கடல்மேல் போகும் பாலம் தாண்டி, புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் தூசி புகாத அறைக்கு மேற்பார்வை பார்க்கிறவள். அங்கே ஒரு முடி விழுந்தாலும் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். வீட்டிலும் அதே சட்டம். சோப்புப் போட்டுக் கை கழுவாதவருக்கு அறைக்குள் இடமில்லை. அந்தத் தைலக் கூட்டாளி, கம்பியைச் சுற்றிப் பூச விபூதியோடு வந்தார்.

"நெத்தியில பூசுங்க லா, அண்ணே. எங்க நோவுதுன்னு முருகனுக்குத் தெரியும்" என்றேன் நான்.

அவர் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீட்டுக்காரருக்கும் கட்டு மாற்றும்போதெல்லாம் அர்ச்சனைதான். "இந்த வயசுல பந்து ஒரு கேடா?" என்று தொடங்கினால் கட்டு முடியும்வரை ஓயமாட்டேன்.

ஒரு வாரம் எனக்கு ஓவர்டைம். கம்பிகளைத் தானே துடைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஐந்தாம் நாள் தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. கட்டைப் பிரித்தேன். ஒரு கம்பியைச் சுற்றிச் சிவந்து வீங்கி, சீழ். அரிப்புத் தாங்காமல் இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சியால் சொறிந்திருக்கிறார்!

"எப்ப சீழ் வந்துச்சு?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"முந்தாநாள்."

"ஏன் அப்பவே வரல?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா இவ ஏசுவா, டாக்டர்."

ஊரையே கை கழுவ வைத்த நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவரைச் சில நாள் படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். கிருமி தோலோடு நின்றுவிட்டது, எலும்புக்குப் போகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன்.

"காலு போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

கம்பிகளைப் பார்த்தபடி சொன்னார்.

"அத உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்திருப்பேன்."