கார்க் கதவுக்குள் அறுநூறு வாட்ஸ்

சித்ரலேகாவுக்குச் சொந்தக்காரர்களைக் கண்டாலே ஆகாது என்று சேரன்மகாதேவியில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவளுக்கு ஆகாதது ஒரே ஒரு சொந்தக்காரரைத்தான். அதுவும் போன ஐப்பசியிலிருந்துதான்.

அவர் பெயர் சிவசண்முகம். கல்லிடைக்குறிச்சியில் நெல் மண்டி வைத்திருந்த நமச்சிவாயம் பிள்ளைக்கு மூன்று ஆண்பிள்ளைகள். மூத்தவர் வயலை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டார். நடுவிலவர் வாத்தியார் வேலைக்குப் போய் ராமநாதபுரம் பக்கமே தங்கிவிட்டார். கடைசிப் பிள்ளை மணிமுத்தாறு அணை கட்டும்போது அங்கே கூலிக் கணக்கு எழுதப் போனவர், அப்படியே பொதுப்பணித்துறையில் ஒட்டிக்கொண்டார். அந்த மூத்தவர் மகன்தான் சிவசண்முகம். கடைசியவர் மகன் பாலசுப்பிரமணியன், சித்ரலேகாவின் வீட்டுக்காரர். ஆக, சிவசண்முகம் அவளுக்குப் பெரியத்தான் முறை.

சித்ரலேகா பிறந்தது வள்ளியூர். அப்பா ஞானசம்பந்தன் சந்தையில் துணிக்கடை போட்டிருந்தார். துணியிலேயே வளர்ந்தவள் தையல் ஆசிரியை ஆனதில் அதிசயமில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். ஓர் ஓட்டுத் தையல் கோணலாகப் போனால் அவளுக்குப் பொறுக்காது. பிள்ளை அழுதாலும் பிரித்துப் போட்டு மறுபடி தைக்கச் சொல்லுவாள்.

பாலசுப்பிரமணியனும் அப்பா வழியிலேயே அணை வேலைக்குப் போனவர். தினமும் காலை ஆறு மணிக்கு மணிமுத்தாறு நீர்மட்டத்தைப் பார்த்து, எழுதி, திருநெல்வேலி ஆபீசுக்கு ஃபோனில் சொல்ல வேண்டும். வேலைக்குப் போனதிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் திரும்பியது. புத்தி மட்டும் பாதி வீட்டிலும் பாதி அணையிலுமாகக் கிடந்தது.

வாரம் இரண்டு தடவை பாளையங்கோட்டைக்கு உடற்பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் ஏற்ற முடியாது. அவர் வாங்கிப் போட்டிருந்த பழைய ஆல்டோ வாசலில் நின்றது. சித்ரலேகா ஐம்பத்தொன்றாவது வயதில் கார் ஓட்டப் படித்தாள். ஓட்டுவதுகூடச் சீக்கிரம் வந்துவிட்டது. அவரை உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. காலை மடக்க முடியாததால் பின் சீட்டில் ஏற்ற முடியாது, முன் சீட்டில்தான் உட்காருவார். பத்தமடை தாண்டியதும், "மணி ஆறாச்சு. மட்டம் பாக்கணும்" என்பார். அடுத்த நிமிஷம் இடது கை கதவுப் பிடியைத் தேடும்.

சென்னையில் வேலை பார்க்கிற மகள் பிருந்தாதான் வழி கண்டுபிடித்தாள். ஒருநாள் ஃபோனில் பேப்பரைப் பார்த்து, "பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி" என்று வாசித்தாள். அவர் பெட்டிப்பாம்பாக அடங்கிக் கேட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் பிருந்தா வாசித்து, பதிவு செய்து அனுப்புவாள். அதைக் கார் ஸ்பீக்கரில் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் பாளையங்கோட்டை வரை வாய் திறக்கமாட்டார். சித்ரலேகா தன் வாயால் அதையே சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"நீ எந்த ஆபீஸ்?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் தொட்டார்.

ஃபோனை மடியில் வைத்தும் பார்த்தாள். ஏசி என்றோ செத்துப்போனது. கண்ணாடி முழுக்க இறங்கிக் காற்று வந்தால்தான் அவர் உட்காருவார். அந்தக் காற்று ஃபோன் சத்தத்தைத் தின்றுவிடும். ஸ்பீக்கரில் வந்தால்தான் அவருக்கு அது ஆபீஸ் குரல்.

அந்த ஸ்பீக்கர் ஐப்பசி மழையில் கெட்டது. இடது கதவில் இருந்தது கிழிந்து கரகரத்தது, வலது கதவில் இருந்தது ஊமையானது. தருவை வளைவில் அவர் கதவைத் திறந்தே விட்டார். பின்னால் வந்த பால்காரர் பிரேக் போட்டு மண்ணில் சரிந்தார். பாலசுப்பிரமணியனின் ஒரு செருப்பு ரோட்டில் கிடந்தது. காலும் அந்தச் செருப்போடு கிடந்திருக்கும். சித்ரலேகா வண்டியை ஓரங்கட்டிவிட்டு, செருப்பை எடுத்து வந்து அவர் காலில் மாட்டிவிட்டாள். அடுத்த பயிற்சிக்கு நாலு நாள் இருந்தது. கையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இதற்கென்று எடுக்க வழியில்லை.

சிவசண்முகம் திருநெல்வேலி டவுனில் கார் சாமான் கடை வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரன் கடை இருக்கும்போது வெளிக்கடைக்குப் போகக்கூடாது. போன இடத்தில் விலை கேட்கக்கூடாது, கேட்டால் அவமானம். வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கவும் கூடாது. நின்றால் நம்பவில்லை என்று அர்த்தம். மாடியில் வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்க வேண்டும்.

சித்ரலேகா இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தாள்.

"எனக்குப் பேச்சு தெளிவாக் கேக்கணும் பெரியத்தான். பாட்டெல்லாம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

"பேச்சு என்ன, மூச்சே கேக்கும்!" என்றார் சிவசண்முகம். வாயில் புகையிலை அடக்கியிருந்ததால் ஒவ்வொரு எழுத்தோடும் எச்சில் தெறித்தது. சிவப்பும் தங்கமுமாக மின்னிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "அறுநூறு வாட்ஸ்! பாலு தம்பிக்குன்னா சும்மாவா? கேட்டுப்பாரு."

கடைச் சுவரில் மாட்டியிருந்த ஒன்றை முடுக்கினார். டும் டும் என்று நெஞ்செலும்பில் உலக்கை போட்டது. பேச்சைப் போட்டுக் காட்டச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாடிக்குப் போனாள், காப்பி குடித்தாள், இறங்கி வந்தாள். சிவசண்முகம் இரண்டாயிரத்து எண்ணூறு கேட்டார்.

"வெளியாளுன்னா நாலாயிரம். பழைய ரெண்டும் என்கிட்ட கிடக்கட்டும், உனக்கு எதுக்குக் குப்பை?"

எண்ணூறைப் பக்கத்து ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த பயிற்சிக்குக் கிளம்பிய அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. வீட்டுக்காரர் பக்கக் கண்ணாடி பாதி இறங்கி, டக்கென்று எதிலோ இடித்து நின்றது. பிருந்தாவின் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல வந்தது. பாபநாசம் எது, சேர்வலாறு எது என்றே பிரியவில்லை. "ஷட்டரைத் திறக்கணும், ஷட்டரைத் திறக்கணும்" என்று அவர் கண்ணாடியை முட்ட ஆரம்பித்தார். பத்தமடையிலேயே வண்டியைத் திருப்பிவிட்டாள்.

சிவசண்முகத்துக்கு ஃபோன் போட்டாள்.

"புதுசுலா? பழகணும்" என்றார். "கண்ணாடியை எதுக்கு முழுசா இறக்குதே? தூசி வராதா?"

மறுநாள் சித்ரலேகா தையல் மிஷின் ஸ்குரூ டிரைவரையும் ஒரு தட்டைக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் உட்காரும் பக்கத்துக் கதவின் உட்பக்க அட்டையை நெம்பினாள். டோர் பேட் என்று கடைக்காரர்கள் சொல்லுகிற அந்த அட்டையை ஒன்பது பிளாஸ்டிக் கொண்டிகள் பிடித்திருக்க வேண்டும். நாலுதான் இருந்தன. மற்றவை உடைந்து, அந்த இடத்தில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப் சுற்றியிருந்தது. உடைந்ததை டேப்பால் மூடியிருந்ததைப் பார்த்ததுமே அவளுக்கு முகம் சுளித்தது. அதற்கப்புறம்தான் வாடை வந்தது.

கதவின் அடிப்பள்ளத்தில் எலி கூடு கட்டியிருந்தது. பஞ்சும் கடலைத் தோலும் பழைய பஸ் டிக்கெட்டும் எலிப்புழுக்கையும் மழைத்தண்ணீரில் ஊறிக் கூழாகக் கிடந்தன. நடுவே இரண்டு எலிக்குஞ்சுகள் செத்து, தோலுரிந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தன. அதன் மேலே புத்தம்புதிதாக ஒரு காலிப் புகையிலைப் பாக்கெட்.

சித்ரலேகா முருங்கை மரத்தடிக்கு ஓடி வாந்தியெடுத்தாள். எலியைப் பார்த்து அல்ல. எலி அதன் பிழைப்பைப் பார்த்தது. அந்த மனுஷன் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார், பார்த்துக்கொண்டே புகையிலையை வாயில் கொட்டியிருக்கிறார், காலிப் பாக்கெட்டை அதிலேயே போட்டு மூடியிருக்கிறார். தம்பி மடியருகே இது அழுகட்டும் என்று விட்டுவிட்டு, மாடியிலிருந்து இறங்கி வந்தவளிடம், "காப்பி நல்லாருந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வழித்துப் போட்டு, பினாயில் ஊற்றிக் கழுவினாள். ஸ்பீக்கரைக் கழற்றினாள். பின்பக்கம் காந்தம் பெரிய பணியாரச் சட்டி மாதிரி இருந்தது. அதுதான் கண்ணாடியைத் தடுத்தது. அதன் ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது. தையல்காரியின் கண்ணுக்கு ஒட்டு தெரியாமல் போகுமா? கரண்டியால் நெம்பினாள். மேல்மூடி டப்பென்று கழன்று விழுந்தது. வெறும் பிளாஸ்டிக். உள்ளே இருந்த காந்தம் ஆமவடை அளவுகூட இல்லை. வண்டிச் சத்தத்துக்கு மேலே பிள்ளை குரலை எழுப்பித் தர அதற்குச் சீவனில்லை. அதை மறைக்கத்தான் அந்தப் பெரிய மூடி. அறுநூறு வாட்ஸ் அட்டைப்பெட்டியில் அச்சடித்ததோடு சரி.

மேலப்பாளையத்தில் அகமது மீரான் என்று ஒருவர் ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் பார்க்கிறார் என்று பால்காரர் சொன்னார். தருவையில் சரிந்து விழுந்தாரே, அதே பால்காரர்தான். மனுஷனுக்குக் கோபம் இருந்திருக்க நியாயம் உண்டு. இல்லை.

சித்ரலேகா வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்து, கதவுப் பிடியைத் தாவணித் துணியால் இறுக்கிக் கட்டி, இருபது கிலோமீட்டரை ஊர்ந்து போய்ச் சேர்ந்தாள்.

மீரான் ஸ்பீக்கரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது பொறக்கும்போதே மவுத்தாப் போனதும்மா. எவன் மாட்டுனான்?"

"சொந்தக்காரர்."

"அதானே பாத்தேன்! வெளியாளு இவ்வளவு தைரியமாச் செய்யமாட்டான்."

வெளிக்கடை வாசலை மிதித்தபோதே ஒரு வழக்கம் முறிந்தது. மற்ற இரண்டையும் சித்ரலேகா அங்கேயே முறித்தாள். முதலில் விலை கேட்டாள். பிறகு, கேட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றாள். மாட்டி முடிக்கும்வரை இங்கனயேதான் நிற்பேன் என்றாள்.

"நில்லுங்க. வெயிலு உங்க தலையிலதான" என்றார் மீரான்.

கண்ணாடியை முழுக்க இறக்கி, கதவுக்குள் ஒரு ஈர்க்குச்சியை விட்டு, கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்தார். இரண்டு விரல் அகலம்தான். அதற்குள் அடங்குகிற ஜோடிகளாக மூன்று எடுத்து வைத்தார். ஒன்று புதுசு, மினுமினுப்பு, ஆயிரத்து இருநூறு. ஒன்று நல்ல கம்பெனி, நாலாயிரத்துக்கு மேல். மூன்றாவது விபத்தில் நொறுங்கிய ஏதோ ஒரு காரில் கழற்றியது. கறுப்பு, தூசி, பெயரே அழிந்துபோனது, எழுநூறு.

"பாத்தா எடுக்கப்போறீக? காதால எடுங்க" என்று ஒவ்வொன்றையும் வெளியே வைத்தே வயரில் கொடுத்தார்.

சித்ரலேகா பிருந்தாவின் பதிவைப் போட்டாள். மினுமினுப்பில் இடி மட்டும் இருந்தது, எழுத்து இல்லை. கம்பெனி சரக்கு சுத்தமாகப் பேசியது. ஆனால் அந்த விலைக்கு அவள் எங்கே போவாள்? மூன்றாவதைக் கொடுத்தார். குரல் கொஞ்சம் மெலிந்து வந்தது. ஆனால் சேர்வலாறு சேர்வலாறாகக் கேட்டது. போதுமா போதாதா என்று அவள் காதைச் சாய்த்து நிற்கும்போது, காருக்குள்ளிருந்து பாலசுப்பிரமணியன் சொன்னார்:

"இது நேத்து மட்டம்லா."

சித்ரலேகா ஃபோனைப் பார்த்தாள். அவசரத்தில் முந்தின நாள் பதிவைத்தான் அழுத்தியிருந்தாள். நோய் வந்த இந்த இரண்டு வருஷத்தில் அவர் சரியாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

"இதையே மாட்டுங்க" என்றாள்.

மீரான் ஒரு டார்ச் பேட்டரியை வயரில் தொட்டார். ஸ்பீக்கரின் முகத்தில் இருந்த கூம்புத் தாள் வெளியே எம்பியது.

"ரெண்டும் ஒண்ணுபோல எம்பணும். அந்த ஆளு ஒண்ணுல பிளஸ் மைனஸை மாத்திக் குடுத்திருக்கான். ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுத்தா, பேச்சு நடுவுல செத்துப்போவும். நீங்களே தொட்டுப் பாருங்க."

அவள் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில் ரப்பர் நுரை ஒட்டி, எலி கடித்த வயரை மாற்றி, குறைந்த கொண்டிகளை எண்ணிப் போட்டார். கூலியோடு ஆயிரத்து நூறு. கண்ணாடி கடைசிவரை இறங்கியது.

அடுத்த பயிற்சி நாளன்று காலையில், வீட்டுக்காரரை ஏற்றி உட்காரவைத்துப் பதிவைப் போடும்போது, சிவசண்முகம் வாசலில் வந்து பைக்கை நிறுத்தினார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சொந்தத்தை விட்டுட்டு மேலப்பாளையத்துக்குப் போனியாமே? நாலு பேரு என்ன நினைப்பாக?"

சித்ரலேகா உள்ளே போய் அந்த இரண்டு ஸ்பீக்கரையும் பிளாஸ்டிக் மூடிகளையும் கொண்டுவந்து அவர் பைக் சீட்டில் வைத்தாள். அவர் வெட்கப்படுவார் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அடுத்து அவர் செய்ததையும் அவள் எதிர்பார்க்கவில்லை. மூடியை எடுத்து அதனிடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"பசை போட்டா ஒட்டிக்கிடும். நம்ம வடிவம்மா சின்னம்மை மகன் வண்டிக்குக் கேட்டுக்கிட்டிருக்கான். அவனுக்கு ஆகும்."

சித்ரலேகா மறுபடி உள்ளே போனாள். தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து, அவர் கண் முன்னாலேயே இரண்டு ஸ்பீக்கரின் தாளையும் நடுவிலிருந்து ஓரம்வரை கிழித்தாள். அதுவும் நேராக, பாவாடைத் துணி வெட்டுகிற மாதிரி.

"ஏட்டி! காசு குடுத்த சாமானை..."

"நான்தான் குடுத்தேன் பெரியத்தான்."

அவள் ஓட்டும் இடத்தில் ஏறினாள். சிவசண்முகம் விடவில்லை. மறுபக்கம் சுற்றி வந்து, திறந்த கண்ணாடி வழியே தலையை உள்ளே நுழைத்தார்.

"பாலு, உன் பொண்டாட்டி பண்ணுத கூத்தைப் பாத்தியாடே..."

எச்சில் பாலசுப்பிரமணியனின் சட்டையில் தெறித்தது. அவர் முகத்தைச் சுளித்து, இடது கையால் சிவசண்முகத்தின் முகத்தை வெளியே தள்ளினார்.

"யாருவே அது? சத்தம் போடாதயும். மட்டம் சொல்லுதாக."

சித்ரலேகா வண்டியை எடுத்துவிட்டாள். பத்தமடை வந்தது, போனது. பாலசுப்பிரமணியனின் கை கதவுப் பிடிக்குப் போகாமல் ஜன்னலில் காற்றுக்கு நீட்டிக் கிடந்தது. அந்தப் புகையிலை வாடை மட்டும் முன்னீர்பள்ளம்வரை வண்டியை விட்டுப் போகவில்லை. பிருந்தா மணிமுத்தாறை முடித்து வடக்குப் பச்சையாற்று அணைக்கு வந்திருந்தாள்.