பிரசங்கத்தில் விட வேண்டிய வரி

"நீங்க எப்பவாவது நெருப்புல கை வச்சிருக்கீங்களா சாமி?" மாதா கோயிலில் பிரசங்கம் முடித்து இறங்கிய வெளிநாட்டுச் சாமியாரை ரொட்டிக்கடைக்காரி மறித்துக் கேட்டாள்.

பிரசங்கத்தை மைக்கில் வரிக்குவரி மொழிபெயர்த்த அவளுடைய தங்கை மகள் இதையும் அவருக்குச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"இல்லைங்கிறாரு, பெரியம்மா."

"அப்ப எந்த வாயால என் பிள்ளை நரகத்துல எரியுறான்னு சொன்னாராம்? கேளு!"

"தற்கொலை சாவான பாவம், அதுக்கு நரகம்தான்னு சொல்றாரு."

பெரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக ரொட்டி அடுப்பின் வாயில் நிற்பவள். முழங்கை வரை தழும்பு. மகன் தன்னை மாய்த்துக்கொண்ட மறுவாரமும் அந்த அடுப்பை மூட்டியவள். அவன் தவித்த நாட்களில் எட்டிப்பார்க்காத கோயில்காரர்கள், செத்த பிறகு தீயில் போட மட்டும் வந்துவிட்டார்கள். வெந்த புண்ணில் வேல்! அதுவும் அந்தச் சாபம் அவள் காதில் விழுந்தது, அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்ணின் குரலில்.

படியிறங்கும்போது அந்தப் பெண்ணின் கையை இறுகப் பிடித்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் தியானப் பிரசங்கம் இருக்கு. அவரு கத்திட்டுப் போகட்டும். அந்த இடம் வந்தா மட்டும் நீ வாயைத் திறக்காம நில்லுடி."