கல்லீரலுக்கு நல்லது

பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. சும்மா சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை அடித்துக் கொடுத்துத்தான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறேன். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். ஊறுகாய், தலைமுடி எண்ணெய், ஏலக்காய்த் தேயிலை என்று எதற்கு வேண்டுமானாலும் லேபிள் போட்டுத் தருவேன். தமிழிலும் போட்டுத் தருகிற ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேருக்கு மலையாளம்தான் சரளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள்.

குடிக்கிறவர்களைக் கேட்கவே வேண்டாம். அத்தானுக்காக, அதாவது என் அக்காவின் கணவருக்காக, கலூர்ப் பக்கம் சர்க்கார் மதுக்கடை வரிசையில் பல தடவை நின்றிருக்கிறேன். தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அவ்வளவு தூரம் அனுப்புவார். ஒருநாள் எனக்கு முன்னால் நின்றவர், உடம்புக்குச் சூடு தரும் என்று பிராந்தியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பாட்டிலில் திராட்சைக் கொத்து தொங்குகிறதே, உள்ளே இருப்பது கரும்பாலைக் கழிவில் எடுத்த சாராயமும் வர்ணமும் எசென்ஸும்தான் என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கவுண்டரில் போய், இருப்பதில் விலை குறைந்தது எதுவோ அதைக் கொடு என்று கேட்டு வாங்கிப் போனார். பார்லியைக் கண்ணாலும் காணாத விஸ்கிக்கு ஸ்காட்லாந்துக் கோட்டைப் படம் போடுகிறார்கள் என்றால், போடுகிறவனை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

அதனால்தான் டூரிஸ்டுகள் நடக்கும் தெருவில் மசாலாக் கடை வைத்திருக்கும் சேட்டன் ஆறு காலி பாட்டில்களோடு என் அறைக்கு வந்தபோது எனக்குக் கூச்சம் எதுவும் தோன்றவில்லை. மலிவு ரம், சர்க்கரைப் பாகு, திராட்சை எசென்ஸ், நாலு கிராம்பு. எதையும் அவர் மறைக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஒயின் என்று விற்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், ஆகவே 'திராட்சை ஆரோக்கிய பானம்' என்று போடச் சொன்னார். பழைய பாய்மரக் கப்பல் ஒன்று வேண்டும், 'நூறு வருடக் குடும்பப் பாரம்பரியம்' என்று வேண்டும். போன ஓணத்துக்குத்தான் வியாபாரத்தையே தொடங்கியிருந்தார். 'மது கலக்காதது' என்றும் போடச் சொன்னபோது, யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஆளுங்க படம் நோக்கி வாங்கும், சாரே," என்றார் சிரித்துக்கொண்டே. "படிக்கான் ஆருக்கு நேரம்?"

எனக்கும் அதே அபிப்பிராயம்தான். தமிழ்நாட்டிலிருந்து பஸ்ஸில் வரும் கூட்டத்துக்காகத் தமிழிலும் இரண்டு வரி கேட்டார், போட்டேன். அப்புறமும் இடது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெற்றிடம் மிஞ்சியது. லேபிளில் காலி இடம் இருந்தால் எனக்குக் கண்ணை உறுத்தும். அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் ஆயுர்வேத அரிஷ்ட மருந்து பாட்டிலில் இருப்பதைப் போல, 'கல்லீரலுக்கு நல்லது. உணவுக்குப் பின் இரண்டு அவுன்ஸ்' என்று தமிழில் அடித்து அந்த இடத்தை நிரப்பினேன். செய்து முடித்ததும் ஒரு திருப்திகூட இருந்தது.

சரக்கு பறந்தது. சாயா குடிக்க இறங்கும்போதெல்லாம் அந்தக் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். மனைவி மசாலா பொறுக்கிக்கொண்டிருப்பாள். கணவன் மூடியைத் திறந்து மோந்துவிட்டுச் சேட்டனைப் பார்ப்பான், சேட்டன் தலையை ஆட்டுவார், இரண்டு பாட்டில் பைக்குள் போகும். தெரியாமல் ஏமாறுகிறவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இவர்கள் காசு கொடுத்துக் குடிக்கச் சாக்கு வாங்குகிறவர்கள். இவர்களுக்கு எதை எழுதி ஒட்டினால் என்ன என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கு நடுவில் அத்தானுக்குக் கல்லீரல் கெட்டது. இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா வீட்டில் ஒளித்துவைத்திருந்ததை எல்லாம் தேடி எடுத்துக் கவிழ்த்தாள். அத்தானும் ஆச்சரியமாக அடங்கிக் கிடந்தார். நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அத்தானின் கண் மஞ்சள் பூத்திருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

இந்த ஊரில் அரிஷ்டம் இல்லாத வீடு கிடையாது. சாப்பாட்டுக்குப் பின் அவுன்ஸ் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் எதுவும் மருந்துதான். அக்கா அந்தச் சின்னக் கிளாஸை எடுத்து வந்து, கோட்டுக்கு மேலே ஒரு நூல்கூடப் போகாமல் குனிந்து பார்த்து இரண்டு தடவை ஊற்றிக் கொடுத்தாள். அவள் கையில் இருந்த பாட்டிலில் கப்பல் இருந்தது.

அத்தான் இரண்டு தடவையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு டிவியைப் பார்த்தார். முப்பது வருடம் குடித்த நாக்குக்கு முதல் வாயிலேயே ரம் என்று தெரிந்திருக்கும். மூன்று வேளையும் வாயைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார், மனுஷன். அவரை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல் இருந்தது. பாட்டிலைப் பிடுங்கி, இதில் இருப்பது ரம்மும் சர்க்கரையும் எசென்ஸும்தான், இதை யாராவது மருந்தென்று கொடுப்பார்களா, படித்துப் பார்த்து வாங்க வேண்டாமா என்று அக்காவிடம் கத்தினேன்.

அவள் பாட்டிலைத் திரும்ப வாங்கி, இடது ஓரத்தை என் பக்கம் திருப்பினாள். அந்தத் தமிழ் வரியின் அடியில் விரலை ஓட்டி, எழுத்தெழுத்தாகக் கூட்டி முழுவதும் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சேட்டன் சொன்னதை நான் நம்பலைடா. தமிழ்ல இருந்துது, நீ எழுதினதாக்கும்னு தெரிஞ்சுது. அதான் வாங்கினேன்."